பலகை தாங்கும், சுவர் தாங்குமா? ஸ்டோர் ரூமில் கைவைக்கும் முன்

சமீபத்தில் கடலூர் திருப்பாப்புலியூர் பக்கம் ஒரு வீட்டிலிருந்து போன். "சார், செல்ஃப் விழுந்துடுச்சு, கொஞ்சம் வந்து பாருங்க." போய்ப் பார்த்தால் சமையலறையை ஒட்டிய சின்ன அறை முழுக்க நல்லெண்ணெய். அதில் ஊறிய மல்லித்தூள், சுக்குநூறான கண்ணாடி ஜாடிகள், ஒரு முனையில் மட்டும் சுவரைப் பிடித்துக்கொண்டு தொங்கும் நாலடிப் பலகை. ராத்திரியில் விழுந்ததால் அடியில் யாரும் இல்லை. பகலில் அந்தத் தரையில் உட்கார்ந்துதான் அந்த வீட்டு ஆயா கீரை ஆய்வாராம்.

வீட்டுக்காரர் கைவேலை தெரிந்தவர். சொந்தமாக டிரில்லிங் மெஷின், நீர்மட்டம், அளவு டேப் எல்லாம் வைத்திருக்கிறார். பலகை ஒரு நூல்கூடச் சாயவில்லை, அவ்வளவு சுத்தமான வேலை. "பலகை முதல் தரம் சார். கொதிக்கிற தண்ணியில போட்டாலும் ஒண்ணும் ஆகாதுன்னு கடையில சொன்னாங்க" என்றார். பலகைக்கு ஒன்றும் ஆகவில்லைதான். ஸ்க்ரூவோடு பிளாஸ்டிக் பிளக்கும், பிளக்கோடு உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சும் சேர்ந்து பெயர்ந்து வந்திருக்கின்றன.

கடலூரிலும் புதுச்சேரியிலும் வீட்டு வேலைகள் பார்க்கும் சிவில் இன்ஜினியர் நான். இதே கதையை ஆள் மாற்றி, தெரு மாற்றி, திரும்பத் திரும்பக் கேட்டுச் சலித்துவிட்டது. ரீல்ஸில் ஒரு நிமிடத்தில் அழுக்கு அறை பளபளவென்று மாறுகிறது. வெள்ளைப் பலகை, வரிசையாக ஒரே அளவு ஜாடி, ஒவ்வொன்றிலும் பெயர் எழுதிய சீட்டு. அந்தச் சுவர் எந்த ஊர்ச் சுவர் என்று யாரும் சொல்வதில்லை. நம்முடையது கடலோரச் சுவர்.

நீங்களே செய்யக்கூடாது என்று சொல்ல வரவில்லை. ஸ்டோர் ரூம் வேலையில் முக்கால்வாசியை வீட்டில் இருப்பவர்களே செய்துகொள்ளலாம். சொல்லப்போனால் எந்தச் சாமான் எங்கே இருக்க வேண்டும் என்பது எனக்கோ ஆசாரிக்கோ தெரியாது, சமைப்பவருக்குத்தான் தெரியும். ஆனால் எல்லோரும் பலகையில் ஆரம்பிக்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது சுவர்.

என்னை அதிகம் எரிச்சலூட்டும் நம்பிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "வாட்டர்ப்ரூஃப் போட்டாச்சு, இனி ஓதம் வராது." ஓதம் என்றால் சுவரில் ஊறி நிற்கும் ஈரம்.

இந்த வாட்டர்ப்ரூஃப் இரண்டு உருவத்தில் வரும். ஒன்று பலகை. கடையில் மரைன் பிளைவுட் என்று கொடுப்பார்கள், முத்திரையில் ஐ.எஸ். 710 என்று இருக்கும். நல்ல பலகைதான். அதைக் கொதிநீரில் 72 மணி நேரம் போட்டுச் சோதிப்பதும் உண்மைதான். ஆனால் அந்தச் சோதனை எதைப் பார்க்கிறது? பலகையின் மெல்லிய ஏடுகளை ஒட்டியிருக்கும் பசை விட்டுப்போகிறதா என்பதைத்தான். பலகை பிரியாது என்பதற்கு அது உத்தரவாதம். பலகைக்குப் பின்னால் இருக்கும் சுவர் காய்ந்துவிடும் என்று எந்த முத்திரையிலும் எழுதவில்லை. ஈரச் சுவரில் முதுகை ஒட்டி அடித்த பலகையின் பின்பக்கம் பூஞ்சை பிடிக்கும். பலகையும் சுவரும் உரசும் இடம் காற்றே படாமல் நிரந்தரமாக ஈரமாக இருக்கும். முன்பக்கம் வெள்ளை லேமினேட் பளபளக்கும்போது பின்பக்கம் ஆறே மாதத்தில் கறுத்துவிடும். அந்தப் பூஞ்சை வாசனை ரவையிலும் மைதாவிலும் ஏறும். "மாவு ஏதோ வாடை அடிக்குது, கடைக்காரர் பழசைக் கொடுத்துட்டார்" என்று பாவம் அவரைத் திட்டுவார்கள்.

இரண்டாவது பெயின்ட். சுவரில் உப்பு பூத்திருக்கும், வெள்ளையாகப் பொரிந்து உதிரும். அதைச் சுரண்டிவிட்டு, பட்டி பார்த்து, மேலே வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் இரண்டு கோட். கார்த்திகை முடிவதற்குள் அதே இடத்தில் பெயின்ட் கொப்புளித்து நிற்கும். பெயின்ட் கம்பெனியைத் திட்டி என்ன பயன்? வெளியே பெய்யும் மழை உள்ளே வராமல் தடுக்க, வெளிச்சுவரின் வெளிப்பக்கம் அடிக்கச் செய்த பொருளை, உள்ளேயிருந்து வெளியே வரத் துடிக்கும் ஈரத்தின் முகத்தில் அடித்தால் வேறென்ன நடக்கும்? சுவர் மூச்சுவிட ஒரு பக்கம் வேண்டும். அதை மூடினால் ஈரம் இன்னும் மேலே ஏறும். இரண்டடி உயரத்தில் இருந்த ஓதம் மூன்றரை அடிக்குப் போன வீடுகளைப் பார்த்திருக்கிறேன். எல்லாம் வீட்டுக்காரர் காசு செலவு செய்து ஏற்றிவிட்டது.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிட்டுத்தான் மருந்து. தரையிலிருந்து ஏறும் ஓதம் ஒரு வகை. பழைய வீடுகளில் அடித்தளத்துக்கு மேலே ஈரத்தடுப்பு அடுக்கே இருக்காது, இருந்தாலும் நைந்திருக்கும். பின்பக்கக் குளியலறையிலிருந்து கசிவது இன்னொரு வகை. நம் ஊரில் ஸ்டோர் ரூமுக்கும் குளியலறைக்கும் பெரும்பாலும் ஒரே சுவர், ஏன்தான் அப்படிக் கட்டுகிறார்களோ. மூன்றாவதுதான் நம் கடலோரத்துக்கே உரியது. சுவருக்குள் உப்பு. கட்டும்போது கலந்த தண்ணீரும் மணலும் உப்பாக இருந்திருக்கலாம், கடல்காற்று கொண்டுவந்து சேர்த்திருக்கலாம். மழைக்காலத்தில் ஜாடியில் இருக்கும் கல்லுப்பு கசிவதைப் பார்த்திருப்பீர்களே, சுவருக்குள்ளும் அதேதான் நடக்கிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்தே தண்ணீரை இழுக்க ஆரம்பிக்கும். தேவனாம்பட்டினத்திலோ குருசுக்குப்பத்திலோ விடியற்காலை ஈரப்பதம் வருஷத்தில் பாதி நாளாவது அதற்கு மேல்தான் இருக்கும். குழாய்க் கசிவும் இல்லை, மழையும் இல்லை, ஆனாலும் சுவர் நனைகிறது என்று பில்லி சூனியம் வரை போகிறவர்கள் உண்டு. உப்பு, வேறொன்றும் இல்லை.

சோதித்துப் பார்க்கச் செலவு கிடையாது. ஒரு துண்டு பாலிதீனை இரண்டடிக்கு இரண்டடி வெட்டி, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் போட்டுச் சுவரில் ஒட்டுங்கள். இரண்டு நாள் விடுங்கள். சுவரைப் பார்த்த பக்கம் நீர்த்துளி கோத்திருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. அறையைப் பார்த்த பக்கம் நனைந்திருந்தால் அறைக்குக் காற்றோட்டம் போதவில்லை. ஒரே இடத்தில் மட்டும் ஒட்டாதீர்கள். தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் ஒன்று, தலை உயரத்தில் ஒன்று.

உப்பு பூத்த இடத்தைக் காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து, உதிர்ந்ததை அள்ளி வெளியே கொட்டுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து திரும்பச் சுவருக்குள்ளேயே போகும். ஆசிட் ஊற்றிக் கழுவும் வேலையைத் தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். சந்தையில் கிடைக்கும் ஆசிட் பெரும்பாலும் ஹைட்ரோகுளோரிக். சுவருக்கு நீங்களே இன்னும் கொஞ்சம் குளோரைடு உப்பு தானம் செய்கிறீர்கள்.

ஓதச் சுவரைச் சரிசெய்வது, அதாவது பூச்சைக் கொத்தி, காயவிட்டு, ஈரத்தடுப்பு மருந்து செலுத்தி, திரும்பப் பூசுவது, தெரிந்த ஆளுக்கான வேலை. காசும் நாளும் ஆகும். காசு இல்லையா, அவசரமா? சுவரை அப்படியே விட்டுவிடுங்கள். தரையில் நிற்கும் ரேக் வாங்கி, சுவரிலிருந்து மூன்று அங்குலம் தள்ளி வையுங்கள். அசிங்கமாக இருக்கும் என்பார்கள். பரவாயில்லை. கறையான் வந்தாலும் அந்த இடைவெளியில் மண்கோடு கண்ணில் படும். ஒட்டி அடித்த பலகைக்குப் பின்னால் வந்தால் பலகை பொக்கையாகும்வரை தெரியாது.

அடுத்தது எடை. இங்கே யாரும் கணக்கே போடுவதில்லை.

நாலு பேர் உள்ள வீட்டு மாதச் சாமானை ஒருநாள் தராசில் வைத்துப் பாருங்கள். அரிசி மூட்டை மட்டுமே 25 கிலோ. பருப்பு, மாவு, சர்க்கரை, எண்ணெய், புளி, உப்பு என்று சேர்த்தால் ஐம்பது அறுபது கிலோவைச் சாதாரணமாகத் தொடும். இது போதாதென்று இப்போது எல்லாமே கண்ணாடி ஜாடியில். காலி ஜாடிக்கே ஒரு எடை உண்டு என்பது ரீல்ஸில் தெரியாது.

ஒரு அடி ஆழமுள்ள பலகையில் 40 கிலோ வைக்கிறீர்கள், இரண்டு எல் பிராக்கெட் தாங்குகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் 20 கிலோ. அந்த எடை சுவரிலிருந்து ஆறு அங்குலம் தள்ளி உட்கார்ந்திருக்கிறது. பிராக்கெட்டின் அடிமுனையிலிருந்து மேல் ஸ்க்ரூவுக்கு நாலு அங்குலம்தான் என்றால், அந்த ஸ்க்ரூவைச் சுவரிலிருந்து வெளியே இழுக்கும் விசை 30 கிலோ. கீழ்நோக்கிய எடை இல்லை, வெளியே பிடுங்கும் இழுப்பு. இனி உங்கள் வீட்டுக் குழந்தை பிஸ்கட் டப்பாவுக்காக ஒரு பிராக்கெட் இருக்கும் இடத்தில் பலகை நுனியைப் பிடித்துத் தொங்குகிறது. குழந்தை 15 கிலோ, நுனி 12 அங்குலம் வெளியே. கூடுதலாக 45 கிலோ இழுப்பு, அந்த ஒரே ஸ்க்ரூவுக்கு. திருப்பாப்புலியூரில் குழந்தை தொங்கவில்லை, எண்ணெய் டின்னே போதுமானதாக இருந்தது.

பிராக்கெட்டோடு வரும் ஸ்க்ரூ பெரும்பாலும் 35 மில்லிமீட்டர். சுவரில் பூச்சே 15 முதல் 20 மில்லிமீட்டர் இருக்கும், பட்டியும் சேர்த்து. மிச்சம் எவ்வளவு செங்கல்லுக்குள் போகும் என்று நீங்களே கழித்துப் பாருங்கள். புதுச்சேரிப் பழைய வீடுகளில் சுண்ணாம்புப் பூச்சு இன்னும் தடிமன், ஸ்க்ரூ செங்கல்லைத் தொடவே தொடாது. பூச்சு எதையும் தாங்காது, அது சுவரின் சட்டை. பிளக் முழுவதும் செங்கல்லுக்குள் உட்கார வேண்டும். அதனால் ஸ்க்ரூ குறைந்தது 60, 75 மில்லிமீட்டராவது இருக்கட்டும். துளையிடும்போது வரும் தூளைக் கவனியுங்கள். முதலில் சாம்பல், பிறகு சிவப்பு. சிவப்பு வந்த பிறகு எவ்வளவு ஆழம் போகிறது என்பதுதான் கணக்கு. நெய்வேலிச் சாம்பல் கற்களால் கட்டிய வீடென்றால் கடைசிவரை சாம்பலாகவே வரும், அங்கே கைக்குத் தெரியும் இறுக்கத்தை வைத்துத்தான் சொல்ல முடியும். உள்ளே பொள்ளலான பிளாக் கற்களிலும், தண்ணீரில் மிதக்கும் இலகுவான வெள்ளைப் பிளாக்குகளிலும் சாதாரண பிளக் நிற்கவே நிற்காது. அவற்றுக்கென்று தனி ஆங்கர்கள் இருக்கின்றன, கேட்டு வாங்குங்கள்.

துளை போடும் முன் விரல் முட்டியால் சுவரைத் தட்டுங்கள். டொக்கு டொக்கென்று பொக்கையாகக் கேட்டால் அங்கே பூச்சு ஏற்கனவே சுவரை விட்டுவிட்டது.

பலகையின் நீளம். "மூணடிக்கு நல்லா நிக்குது, நாலடி போட்டா என்ன ஆகும்?" ஓரடிக்கு அதே எடை வைத்தால் தொய்வு மூன்று மடங்குக்கு மேல் ஆகும். அடி கூடுவது ஒன்றுதான், தொய்வு கூடுவது நீளத்தின் நான்காம் படியில். அதே கணக்கு நமக்குச் சாதகமாகவும் வேலை செய்யும். 12 மில்லிமீட்டர் பலகைக்குப் பதில் அதே தரத்தில் 18 போட்டால் விறைப்பும் மூன்று மடங்குக்கு மேல். ஆகவே நீளத்தைக் குறைத்து நடுவில் ஒரு தாங்கல் கொடுங்கள், இல்லையென்றால் கனத்தைக் கூட்டுங்கள். அமுக்கிய மரத்தூள் பலகையை ஸ்டோர் ரூம் பக்கமே கொண்டு வராதீர்கள். ஒரு தடவை தண்ணீர்ச் செம்பு வைத்த ஈரம் பட்டாலே ஓரம் ஊதிவிடும்.

கடப்பா கல் போடலாமா என்று கேட்கிறார்கள். தாராளமாகப் போடலாம். ஓதம், கறையான், பூஞ்சை எதுவும் அதை ஒன்றும் செய்யாது. நம் அம்மாக்கள் காலத்து ஸ்டோர் ரூம்கள் இன்னும் நிற்பது அதனால்தான். ஆனால் நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒரு அங்குலக் கனம் உள்ள கல் கிட்டத்தட்ட 38 கிலோ. சாமான் வைக்கும் முன்பே! அதைச் சுவரில் கொத்திச் சொருகுவது ஒன்பது அங்குலச் சுவருக்குச் சரி. அறையைத் தடுக்கும் நாலரை அங்குலச் சுவரில் முழு நீளத்துக்கும் கிடையாகக் காடி எடுத்தால் அந்தச் சுவரை நீங்களே இரண்டாக அறுத்தது மாதிரிதான். கிடையாக எடுக்கும் காடி சுவர்க் கனத்தில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. நாலரை அங்குலத்தில் அது முக்கால் அங்குலம். முக்கால் அங்குலத்தில் கடப்பா நிற்காது. எனவே இரண்டு பக்கமும் கீழிருந்து நிற்கும் கால் கல் கொடுத்து, அதன்மேல் கல்லை உட்கார வையுங்கள். இதற்குக் கொத்தனார் வேண்டும். வாடகை கட்டிங் மெஷினோடு ஞாயிற்றுக்கிழமை வேலையாக இதை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பரணைப் பற்றி ஒரு பத்தி சொல்லியே ஆக வேண்டும். சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கான்கிரீட் பரணில் பாரம் தாங்கும் கம்பி மேற்பக்கம் இருக்கிறது. "உசரம் இடிக்குது, முன்னாடி அரையடி மட்டும் உடைச்சுடலாமா" என்று கேட்பவர்களும், கேட்காமலே உடைத்துவிட்டுப் பிறகு கூப்பிடுபவர்களும் இருக்கிறார்கள். மேலே தளவரிசை ஒட்டுவதற்காகக் கொத்துகிறவர்கள் நேராக அந்தக் கம்பியைத்தான் தேடிப் போகிறார்கள். பரண் மேலே கொத்தாதீர்கள், அடியில் துளையிட்டு வெங்காயக் கூடை தொங்கவிடாதீர்கள், தண்ணீர் டிரம்மை மேலே ஏற்றாதீர்கள். இலகுவான பெட்டிகளுக்கானது அது.

மின்சாரம் பற்றி நீட்டி முழக்க மாட்டேன். சுவிட்ச் பெட்டிக்கு நேர் மேலும் நேர் கீழும் துளையிடாதே. மெயினை அணைத்துவிட்டுத்தான் துளையிடுவது என்றால் மெஷினுக்குக் கரண்ட் வேறு அறையிலிருந்து எப்படி வரும் என்று கேட்பீர்கள். அந்த அறையின் எம்.சி.பி.யை, அதாவது மெயின் பெட்டியில் அந்த அறைக்கான சுவிட்சை, மட்டும் இறக்குங்கள், எது எந்த அறைக்கு என்று தெரியாத வீடாக இருந்தால் முதலில் அதைக் கண்டுபிடித்து எழுதி ஒட்டுங்கள். வீட்டில், கரண்ட் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லையென்றால் அலமாரிக்குச் செலவு செய்யும் காசில் முதலில் அதைப் போடுங்கள்.

இனி சொல்லப்போவது கட்டட வேலை இல்லை. ஆனால் ஸ்டோர் ரூம்களைக் காலி செய்யச் சொல்லிப் பார்க்கும்போது திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது, பயமாக இருக்கிறது.

உபரி சிலிண்டர். 14.2 கிலோ சிலிண்டரை, ஜன்னல் இல்லாத ஸ்டோர் ரூமில், புதிதாகச் செய்த கதவு வைத்த அலமாரிக்குள் மறைக்கிறார்கள். பார்க்க அழகு. சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு தங்கும். அதே அறையில் பழைய ஃப்ரிட்ஜ், அதன் கம்ப்ரசர் தரையை ஒட்டி நின்று தானாக ஆனாகி ஆஃப் ஆகும். இதற்கு மேல் நான் விளக்க வேண்டுமா? சிலிண்டர் நிமிர்ந்து, காற்றோட்டமான இடத்தில், கண்ணில் படும்படி இருக்கட்டும். தரை மட்டத்தில் காற்று வெளியேற வழி இல்லாத எந்தப் பெட்டிக்குள்ளும் வேண்டாம்.

இன்வர்ட்டர் பேட்டரி. எங்கும் இடமில்லையென்று அதுவும் ஸ்டோர் ரூமுக்குத்தான் வருகிறது. தண்ணீர் ஊற்றும் வகை பேட்டரி சார்ஜ் ஏறும்போது, எளிதில் தீப்பிடிக்கும் ஹைட்ரஜன் வாயு வெளியேறும். மேல் தட்டில் அரிசியும் கீழ்த் தட்டில் பேட்டரியும் வைத்த ரேக்கை அடுக்கி வைத்திருக்கும் நேர்த்திக்காகப் படம் எடுத்து அனுப்பியிருந்தார் ஒருவர். மாற்றுங்கள் அண்ணே என்றேன். கோபித்துக்கொண்டார்.

மூன்றாவது, அரிசியில் வண்டு வராமலிருக்கப் போடும் மாத்திரை. இதை மட்டும் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். குடோன்களில் பயன்படும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை யாரோ தெரிந்தவர் மூலமாக வாங்கி, துணியில் முடிந்து அரிசி டிரம்முக்குள் வைக்கிறார்கள். அது காற்றின் ஈரத்தோடு சேர்ந்து பாஸ்பீன் என்ற விஷவாயுவை விடுகிறது. 3 கிராம் மாத்திரையிலிருந்து ஒரு கிராம் வாயு. முறிவு மருந்து கிடையாது. பயிற்சி பெற்ற ஆட்கள் மட்டுமே கையாள வேண்டும் என்று சட்டமே சொல்லும் பொருள் அது. மூடிய ஸ்டோர் ரூமை ஒட்டிய அறையில் குழந்தைகள் படுக்கிற வீடுகள் நம் வீடுகள். டிரம்மில் அப்படி ஏதாவது முடிச்சு இருந்தால் நீங்களே அதைக் கிளறாதீர்கள், ஈரம் படவிடாதீர்கள். அறையைத் திறந்துவிட்டு, எல்லோரும் வெளியே வந்து, பூச்சி மருந்து அடிக்கும் உரிமம் உள்ளவர்களைக் கூப்பிடுங்கள். வண்டுக்கு வசம்பும் காய்ந்த மிளகாயும் போடுங்கள், முழுவதும் போகாவிட்டாலும் உயிருக்கு ஒன்றும் ஆகாது. ரவை, கோதுமை மாவு போன்ற சின்னப் பொட்டலங்களை வாங்கியதும் நாலு நாள் ஃப்ரீசரில் வைத்துவிட்டு ஜாடிக்கு மாற்றினால் முட்டையோடு போய்விடும். ஃப்ரீசரிலிருந்து எடுத்த சூட்டோடு, அதாவது குளிரோடு, ஜாடியில் கொட்டாதீர்கள். பொட்டலம் அறை வெப்பத்துக்கு வந்த பிறகு பிரியுங்கள், இல்லையென்றால் வியர்த்துக் கட்டி தட்டும்.

அடுக்குவது பற்றி நீங்கள்தான் எனக்குச் சொல்லித் தர வேண்டும். இருந்தாலும் கட்டட ஆளின் கண்ணோடு சில விஷயங்கள். கனமானது இடுப்புக்குக் கீழே. தினமும் எடுப்பது இடுப்புக்கும் தோளுக்கும் நடுவே. தலைக்கு மேலே அப்பளக் கட்டும் காலி டப்பாவும் மட்டும், கண்ணாடி கூடவே கூடாது. பிளாஸ்டிக் சேர் மேல் ஏறி எடுக்கும்படி எதையும் வைக்காதீர்கள், கடலூரில் எலும்பு டாக்டர்களுக்கு ஏற்கனவே கூட்டம் போதும். ஜாடித் தட்டுகளுக்கு ஒரு அடி ஆழம் போதும். இரண்டடி ஆழம் வைத்தால் பின்வரிசையில் போன வருஷத்து வேர்க்கடலை பூஞ்சை பிடித்துக் கிடக்கும். பூஞ்சை பிடித்த கடலையை வறுத்துச் சாப்பிடலாம் என்று நினைக்காதீர்கள், அந்த நஞ்சு வறுத்தாலும் போகாது. அட்டைப் பெட்டிகளைத் தரையில் அடுக்குவது கறையானுக்கு இலை போட்டு அழைப்பது.

ரேக் வாங்கும்போது எல்லோரும் காந்தத்தோடு கடைக்குப் போகிறார்கள். காந்தம் ஒட்டவில்லையென்றால் நல்ல எஸ்.எஸ்., அதாவது துருப்பிடிக்காத ஸ்டீல், என்று கணக்கு. மலிவான 202 ரகத்திலும் காந்தம் ஒட்டாது, கடல்காற்றில் ஒரு மழைக்காலத்துக்குள் புள்ளி புள்ளியாகத் துரு காட்டிவிடும். பில்லில் 304 என்று எழுதி வாங்குங்கள். கடலுக்கு ரொம்பப் பக்கம் என்றால் அதுவும் லேசாகப் பழுப்பேறும், துடைத்துக்கொள்ள வேண்டியதுதான். பவுடர் பூசிய இரும்பு ரேக்கும் நல்லதுதான். கால்களுக்கு ரப்பர் மூடி போடுங்கள், அறுத்த முனைகளில் பெயின்ட் தொட்டு வையுங்கள். துரு அங்கிருந்துதான் ஆரம்பிக்கும்.

கீழ்த்தட்டு எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்பதற்குக் கடலூர்க்காரர்களுக்குத் தனிக் கணக்கு. 2015 நவம்பர் மழையில் உங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்ததா? 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு தென்பெண்ணையில் வெள்ளம் வந்தபோது? சுவரில் அந்தக் கோடு இன்னும் தெரிந்தால் அதற்கு மேல் அரையடி விட்டு அரிசி டிரம்முக்குத் திண்டு கட்டுங்கள். தெரியாவிட்டால் பக்கத்து வீட்டுப் பெரியவரைக் கேளுங்கள், அவருக்கு நினைவிருக்கும். தண்ணீரே வராத மேட்டுத் தெருவாக இருந்தாலும் தரையிலிருந்து ஆறு அங்குலம் காலியாக விடுங்கள். துடைப்பம் நுழைய வேண்டும், காற்றும் நுழைய வேண்டும்.

எப்போது ஆரம்பிப்பது? பொங்கல் முடிந்து ஆரம்பித்தால் வைகாசிக்குள் சுவர் காயும். புதிதாகப் பூசிய பூச்சுக்கு ஏழு நாளாவது தண்ணீர் ஊற்றி, அதன்பின் நாலு வாரமாவது காயவிட்டுத்தான் பெயின்ட். தீபாவளிக்கு வீடு பளிச்சென்று இருக்க வேண்டும் என்று ஐப்பசியில் கூப்பிடுபவர்களுக்கு நான் போனை எடுப்பதில்லை. 2011 டிசம்பர் கடைசியில் தானே புயல் நம் தலைமேல் கரை கடந்த ஊர் இது. மழைக்காலத்தில் ஈரச் சுவரில் பட்டி பூசுவது காசைக் கடலில் கொட்டுவது.

"இதெல்லாம் செய்யக்கூடாதுன்னா நாங்க என்னதான் செய்யறது?" என்று கேட்டார் அந்தத் திருப்பாப்புலியூர் அண்ணன், பாதி கேலியாக. அவருக்கு நான் எழுதிக் கொடுத்ததையே இங்கேயும் சொல்கிறேன். அறையைக் காலி செய்து இரண்டு நாள் ஃபேன் போட்டுக் காயவிடுங்கள். சுவருக்குச் சுண்ணாம்பு அடியுங்கள், ஈரம் வெளியே வர வழிவிடும், செலவும் குறைவு. எதிரெதிர்ச் சுவரில் மேலே ஒன்று கீழே ஒன்று காற்றுத் துளை இருக்கிறதா பாருங்கள். இருந்து அட்டை வைத்து அடைத்திருந்தால் அட்டையை எடுத்துவிட்டுக் கொசுவலை போடுங்கள். தரையில் நிற்கும் இரண்டு ரேக். கனமானதைக் கீழே வைத்து அடுக்குங்கள். அடுக்கி முடித்ததும் ஒவ்வொரு ரேக்கின் மேல் மூலையையும் செங்கல்வரை போகும் ஒரே ஒரு நீள ஸ்க்ரூவால், இடைவெளிக்கு மரக்கட்டை கொடுத்து, சுவரோடு பிணையுங்கள். எடையை ரேக்கின் கால்கள் தாங்கும். அந்த ஸ்க்ரூ, குழந்தை ஏறினால் ரேக் முன்னால் சாயாமல் இருக்க.